ஒரே படிவம், வெவ்வேறு மனிதர்கள்: மன அழுத்த வினாநிரல்களை எந்த அளவுக்கு நம்பலாம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

முதுகலை ஆய்வேடுகளிலும், நிறுவனங்களின் ஊழியர் நலக் கணக்கெடுப்புகளிலும், மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவுகளிலும் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் கொடுத்து மன அழுத்தத்தை அளப்பது வழக்கமாகிவிட்டது. பிறகு இந்தக் குழுவுக்கு அழுத்தம் அதிகம், அந்தக் குழுவுக்குக் குறைவு என்று முடிவு எழுதப்படுகிறது. அந்த ஒப்பீட்டை அந்தப் படிவம் தாங்குமா என்பது பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. மன அழுத்தம் என்ற சொல்லை நெருக்கடியால் வரும் இறுக்கம் என்ற பொருளிலும், மனச்சோர்வு என்பதை நோயாகக் கருதப்படும் நிலை என்ற பொருளிலும் கையாண்டிருக்கிறேன்.

பெரும்பாலும் பயன்படுத்தப்படும் படிவம் எது?

உலக அளவில் அதிகம் புழங்குவது 'உணரப்படும் மன அழுத்த அளவுகோல்'. ஷெல்டன் கோஹன், டாம் காமார்க், ராபின் மெர்மெல்ஸ்டீன் ஆகிய மூவரும் 1983-இல் அமெரிக்காவில் இதை வெளியிட்டார்கள். அப்போது 14 கேள்விகள் இருந்தன. 1988-இல் கோஹனும் கெயில் வில்லியம்சனும் அதை 10 கேள்விகளாகச் சுருக்கினார்கள். 4 கேள்விகள் மட்டும் உள்ள வடிவமும் உண்டு. 'கடந்த ஒரு மாதத்தில் எவ்வளவு அடிக்கடி இப்படி உணர்ந்தீர்கள்' என்று ஒவ்வொரு கேள்வியும் தொடங்கும். பதில்கள் 0 முதல் 4 வரை எண்ணப்படும். 10 கேள்வி வடிவத்தில் 4, 5, 7, 8 ஆகிய நான்கு கேள்விகள் நல்ல விதமாக, அதாவது சமாளிக்க முடிந்ததா என்பது போல, கேட்கப்பட்டவை என்பதால் அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும் (0-ஐ 4 என்று, 4-ஐ 0 என்று). மொத்தம் 0 முதல் 40 வரை வரும்.

இந்த அளவுகோல் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. நடந்தது எதுவாக இருந்தாலும், வாழ்க்கை எதிர்பாராததாகவும், கைமீறிப் போவதாகவும், சுமை கூடியதாகவும் தோன்றியதா என்று மட்டுமே கேட்கிறது. இதன் வலிமையும் பலவீனமும் அந்தத் தேர்விலேயே இருக்கின்றன.

தோன்றியதைக் கேட்பானேன்? நடந்த சம்பவங்களை எண்ணிவிட்டால் சிக்கல் தீருமே?

அந்த வழியையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே இருவரும் 43 வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்புக் கொடுத்தார்கள். வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கு 100, விவாகரத்துக்கு 73, திருமணத்துக்கு 50, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு 12.

பட்டியலைப் படிக்கும்போதே அது எந்த ஊர்ப் பட்டியல் என்பது தெரிந்துவிடும். பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்ட அடமானக் கடன் அதில் உண்டு. பருவமழை பொய்த்துப்போவது கிடையாது. மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்குவதற்கு அதில் எந்த வரியில் இடம் தேடுவது? கிறிஸ்துமஸுக்கு 12 என்றால் தீபாவளிக்கு எவ்வளவு என்பது வேடிக்கைக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் போனஸ் கைக்கு வந்துவிட்ட வீட்டுக்கும் வராத வீட்டுக்கும் அந்த ஒரே பண்டிகை ஒரே எடை உடையதாக இருக்காது. சம்பவத்தை எண்ணினாலும் பண்பாட்டிலிருந்து தப்ப முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

'நம்பகத்தன்மை' என்று ஆய்வேடுகளில் எழுதுவது எதை?

பெரும்பாலும் குரோன்பாக் ஆல்பா என்ற எண்ணை. லீ குரோன்பாக் 1951-இல் எழுதிய கட்டுரையால் பரவிய இந்த எண், படிவத்தின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டுகிறது. 0.70-க்கு மேல் இருந்தால் போதும் என்பது நடைமுறை. அமெரிக்காவில் 2,387 பேரிடம் ஹாரிஸ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பில் 10 கேள்வி வடிவத்துக்கு 0.78, 14 கேள்வி வடிவத்துக்கு 0.75, 4 கேள்வி வடிவத்துக்கு 0.60 கிடைத்தது.

இன்னொரு வகை, அதே ஆளிடம் மறுபடி கேட்டுப் பார்ப்பது. 1983 கட்டுரையில் இரண்டு நாள் இடைவெளியில் கேட்டபோது இரு முறை மதிப்பெண்களுக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.85 இருந்தது, வேறொரு குழுவிடம் ஆறு வாரம் கழித்துக் கேட்டபோது 0.55-க்கு இறங்கியது. இந்த இறக்கத்தைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மன அழுத்தம் உயரத்தைப் போல நிலையானது அல்ல. ஆறு வாரத்தில் மாறத்தான் செய்யும்.

என் தரவில் ஆல்பா 0.85 வந்திருக்கிறது. இரண்டு குழுக்களிலும் அதே அளவு. ஒப்பிடுவதற்கு இது போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு குழுவினர், எந்தக் காரணத்தாலோ, எல்லாக் கேள்விகளுக்கும் மற்றக் குழுவினரைவிட ஒரு படி கூட்டிப் பதில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 10 மதிப்பெண் ஏறிவிடும். ஆல்பாவோ அப்படியே இருக்கும். அது கேள்விகளுக்கு இடையிலான உறவை மட்டுமே பார்க்கிறது. எல்லாக் கேள்விகளும் சேர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால் அந்த நகர்வு அதன் கண்ணில் படாது. ஆக, ஆல்பா மிக நன்றாக இருக்கும்போதே ஒப்பீடு முழுத் தவறாக இருக்க முடியும்.

ஆல்பாவுக்கு வேறு பலவீனங்களும் உண்டு. ஒரே கேள்வியைச் சொல்லை மாற்றி மாற்றி நான்கு முறை கேட்டாலும் அது உயரும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிலையில் உள்ள குழுவில், படிவத்தில் பழுது இல்லாமலேயே அது குறையும். தேர்வு வாரத்து மாணவர்களிடமும் ஊர்ப் பொதுமக்களிடமும் எடுத்த இரண்டு ஆல்பாக்களை அருகருகே வைத்து எது மேல் என்று பேசுவதில் பயனில்லை.

அப்படியானால் ஒப்பிடுவதற்கு என்ன சோதனை வேண்டும்?

அளவைகள் ஒருமுகப்படுத்தப்படும் முன் நம் ஊர்களில் படியும் மரக்காலும் இடத்துக்கு இடம் வேறுபட்டன. பெயர் ஒன்றுதான், கொள்ளளவு வேறு. அங்கே மூன்று படி விளைந்தது, இங்கே நான்கு படி விளைந்தது என்பதை வைத்து எந்த வயல் வளமானது என்று சொல்ல முடியாது. இரண்டு படியும் ஒரே படியா என்பதை முதலில் சோதிக்க வேண்டும். புள்ளியியலில் இதை அளவீட்டுச் சமநிலைச் சோதனை எனலாம். அது மூன்று கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டத்தில், கேள்விகள் இரண்டு குழுக்களிலும் ஒரே மாதிரி கூட்டு சேர்கின்றனவா என்று பார்க்கிறோம். இரண்டாவதில், அழுத்தம் ஓர் அலகு கூடும்போது ஒவ்வொரு கேள்வியின் பதிலும் இரு குழுக்களிலும் ஒரே அளவு ஏறுகிறதா என்று பார்க்கிறோம்; படியின் கொள்ளளவு ஒன்றுதானா என்ற கேள்வி இது. மூன்றாவதில், உண்மையில் ஒரே அளவு அழுத்தத்தில் உள்ள இருவர், குழு வேறானாலும், ஒரே பதிலைத் தருகிறார்களா என்று பார்க்கிறோம். காலித் தட்டிலேயே நூறு கிராம் காட்டும் தராசை இந்தக் கட்டம்தான் பிடிக்கும்.

இரண்டாவது கட்டம் தேறினால், அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பு இரு குழுக்களிலும் ஒன்றா என்று கேட்கலாம். சராசரியை ஒப்பிட வேண்டுமானால் மூன்றாவதும் தேற வேண்டும். இரு நாடுகளின் தரவை வைத்துச் செய்யும்போது மூன்றாவது கட்டத்தில் தடுக்குவதே அதிகம். ஒன்றிரண்டு கேள்விகள் மட்டும் இடறினால் அவற்றை அந்தந்தக் குழுவுக்கு ஏற்ப விட்டுக்கொடுத்து மற்றவற்றை நிலைநிறுத்தும் முறை 1989-இலிருந்தே இருக்கிறது. ஆனால் பத்தில் ஐந்து கேள்விகளை விட்டுக்கொடுத்துவிட்டு அதே அளவுகோல்தான் என்று சாதிப்பது சரியாகாது.

ஒரு கேள்வி மட்டும் ஒரு குழுவினரிடம் வேறு மாதிரி நடந்துகொள்வதற்கு உதாரணம் உண்டா?

நன்கு ஆராயப்பட்ட உதாரணம் மனச்சோர்வு அளவுகோல் ஒன்றிலிருந்து கிடைக்கிறது. 1977-இல் லெனோர் ராட்லாஃப் வெளியிட்ட 20 கேள்வி அளவுகோலில் அழுகை வந்ததா என்பது ஒரு கேள்வி. மற்றக் கேள்விகளின்படி ஒரே அளவு சோர்வில் இருக்கும் ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கொண்டால், அழுதேன் என்று சொல்லும் வாய்ப்பு பெண்ணுக்கே அதிகம். பெண்ணின் கண்ணீர் பொறுத்துக்கொள்ளப்படும், ஆணின் கண்ணீர் கேலிக்குள்ளாகும் என்ற சமூகப் பழக்கமும் அந்த மதிப்பெண்ணுக்குள் கலந்துவிடுகிறது.

அதே அளவுகோலில் 'மக்கள் என்னிடம் நட்பாக நடந்துகொள்ளவில்லை', 'என்னைப் பிறருக்குப் பிடிக்கவில்லை' என்று இரண்டு கேள்விகள். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகர முதியோரிடம் திரட்டிய தரவை ஆராய்ந்து 2000-இல் வெளியான கட்டுரை, ஒரே சோர்வு நிலையிலும் கறுப்பின முதியோர் இவ்விரண்டுக்கும் ஆம் என்பது கூடுதல் என்று காட்டியது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. பாகுபாட்டை நேரில் சந்திக்கும் ஒருவர் உலகம் தன்னிடம் நட்பாக இல்லை என்று சொன்னால், அது நோய்க்குறி ஆகாது. கண்ணால் கண்ட செய்தி. படிவத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான் போடும்.

தமிழில் மொழிபெயர்க்கும்போது எங்கே இடறுகிறது?

முதல் சொல்லிலேயே. 'மன அழுத்தம்' என்பதை நாளிதழ்கள் நெருக்கடிக்கும் எழுதுகின்றன, மனச்சோர்வுக்கும் எழுதுகின்றன. சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் அழுத்தம் என்றால் அவர் ரத்த அழுத்தத்தை நினைத்து, மாத்திரை சாப்பிடுவதாகப் பதில் சொல்வார். 'டென்ஷன்' எல்லோருக்கும் புரியும். ஆனால் டென்ஷன் ஆனான் என்றால் பாதி நேரம் கோபப்பட்டான் என்றுதான் பொருள். 'மன உளைச்சல்' நல்ல சொல், ஆனால் கனமானது. பேருந்து தவறிப்போனதற்கு யாரும் மன உளைச்சல் என்று சொல்ல மாட்டார்கள். 'படபடப்பு' உடலில் தெரிவது. மூலப் படிவத்தின் மூன்றாவது கேள்வி, பதற்றமும் அழுத்தமும் உணர்ந்தீர்களா என்று இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறது. இவற்றில் எந்தச் சொல்லைப் போடுகிறோமோ அதற்கேற்பக் கேள்வியின் கனம் மாறும். கனமான சொல்லைப் போட்டால் ஆம் என்பவர் குறைவார்கள்.

பதில் கட்டங்கள் அடுத்த இடறல். மூலத்தில் ஐந்து படிகள் உள்ளன. 'ஒருபோதும் இல்லை', 'சில நேரங்களில்', 'மிக அடிக்கடி' ஆகியவை பிரச்சினையின்றி வந்துவிடும். இடையில் உள்ள இரண்டும்தான் சங்கடம். 'கிட்டத்தட்ட இல்லவே இல்லை' என்பதைப் படித்துக் காட்டினால் கேட்பவருக்கு இல்லை என்பது மட்டுமே காதில் விழும். 'எப்போதாவது' என்று மாற்றினால் அது 'சில நேரங்களில்' என்பதோடு ஒட்டிக்கொள்கிறது. 0, 1, 2 என்று சம இடைவெளியில் எண்ணப்படும் படிகள் கேட்பவர் மனத்தில் சம இடைவெளியில் இருப்பதில்லை.

மொழிபெயர்த்ததை மற்றொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்லிச் சரிபார்க்கும் முறையை 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் பரவலாக்கினார். அது தேவையானது, ஆனால் அதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. கெட்டிக்கார மொழிபெயர்ப்பாளர், தமிழ் வரி எவ்வளவு செயற்கையாக இருந்தாலும், மூலம் என்னவாக இருந்திருக்கும் என்று ஊகித்துச் சரியாகத் திருப்பிவிடுவார். அதைவிடப் பயன் தருவது, பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள், ஏன் இந்தப் பதிலைச் சொன்னீர்கள் என்று பேசவைப்பது. ஒரு வாரத்தில் முடிகிற வேலை இது. இருந்தும் பல ஆய்வுகளில் இதைச் செய்த தடயமே இருப்பதில்லை.

புரிந்துகொண்ட பிறகும் பதில்கள் குழுவுக்குக் குழு வேறுபடுமா?

வேறுபடும். சிலர் ஓரத்தைத் தொடத் தயங்குவார்கள். சிலருக்கு நடு என்பதே பிடிக்காது. 1995-இல் சூவன்ஷெங் சென், ஷின்-யிங் லீ, ஹெரால்ட் ஸ்டீவன்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஜப்பான், தைவான் மாணவர்கள் நடுப் பதில்களை அதிகம் தேர்ந்தார்கள். அமெரிக்க மாணவர்கள் ஓரப் பதில்களை அதிகம் தேர்ந்தார்கள். கேட்பவர் மனம் கோணக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும் பழக்கம் இன்னொன்று.

தானே படித்துக் குறி போடுவதற்கும் ஒருவர் வாசிக்கக் கேட்டுப் பதில் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. படிவம் வாசித்துக் குறிக்கும் வேலையை நானும் சில காலம் செய்திருக்கிறேன். வாழ்க்கையின் முக்கியமான விஷயங்கள் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று எவ்வளவு அடிக்கடி உணர்ந்தீர்கள் என்ற இரண்டாவது கேள்வியை எழுபதை நெருங்கிய ஓர் அம்மாவிடம் வாசித்தேன். "என் கையில என்னப்பா இருக்கு? எல்லாம் மேல இருக்கிறவன் பாத்துக்குவான்," என்றார். முகத்தில் கலக்கமே இல்லை. சொன்ன வார்த்தைக்கு 4 போட வேண்டும். இருந்த நிம்மதிக்கு 0 போட வேண்டும். நான் 2 போட்டேன். அது அவருடைய பதில் அல்ல, என்னுடையது. பக்கத்தில் மருமகள் வேறு நின்றுகொண்டிருந்தார்.

கட்டுப்பாடு கையில் இல்லாமல் போவதே அழுத்தம் என்பது இந்த அளவுகோலின் அடிப்படைக் கருத்து. தன் வாழ்க்கையைத் தானே ஓட்டுவதாக நினைக்கும் சமூகத்தில் அது சரியாகப் பொருந்தும். மழையையும் மாப்பிள்ளை வீட்டாரையும் நம்பி வாழ்பவர்களிடம் அதே கேள்வி அழுத்தத்தை அளக்கிறதா, உலகப் பார்வையை அளக்கிறதா என்ற சந்தேகம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

நல்ல விதமாகக் கேட்கப்பட்ட நான்கு கேள்விகள் ஏன் தொல்லை தருகின்றன?

பல நாட்டுத் தரவுகளில் பத்துக் கேள்விகள் ஒரே கட்டாக நிற்காமல் இரண்டாகப் பிரிகின்றன. எதிர்மறைக் கேள்விகள் ஆறும் ஒரு பக்கம், நல்ல விதமான நான்கும் இன்னொரு பக்கம். இது கையாலாகாத உணர்வும் தன்னம்பிக்கையும் தனித்தனி என்பதைக் காட்டுகிறது என்பார் சிலர். வாக்கியத்தின் திசை மாறியதால் வந்த பிரமை என்பார் சிலர். எல்லாவற்றுக்கும் ஒரே பக்கம் குறி போட்டுக்கொண்டே போகிறவர்கள் கூடுதலாக உள்ள குழுவில் இரண்டாவது விளக்கமே பொருந்தும். இரண்டு குழுக்களில் பிரிவு வெவ்வேறு மாதிரி இருந்தால் மொத்த மதிப்பெண்ணை ஒப்பிடுவது முதல் கட்டத்திலேயே அடிபட்டுப்போகும்.

எனக்கு 18 மதிப்பெண் வந்தது. 14 முதல் 26 வரை மிதமான அழுத்தம் என்று இணையத்தில் இருக்கிறதே?

0-13 குறைவு, 14-26 மிதம், 27-40 அதிகம் என்ற பட்டியல் எங்கும் உலவுகிறது. இது நோயைக் கண்டறியும் கருவி அல்ல, இதற்கு மேல் போனால் நோய் என்று பிரிக்கும் வெட்டுப்புள்ளி இதற்குக் கிடையாது என்பதே கோஹனின் நிலைப்பாடு.

கணக்கும் அந்தப் பட்டியலுக்கு எதிராகவே இருக்கிறது. ஹாரிஸ் கணக்கெடுப்பில் சராசரி 13.02, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 6.35. ஆல்பா 0.78 என்று எடுத்துக்கொண்டால் ஒரு தனி ஆளின் மதிப்பெண்ணில் உள்ள அளவீட்டுப் பிழை ஏறக்குறைய 3. வழக்கப்படி இரு பக்கமும் அதைப் போல இரு மடங்கு விட்டுப் பார்த்தால், 18 எடுத்தவரின் உண்மை நிலை 12-க்கும் 24-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அந்தப் பட்டியலின்படி அவர் 'குறைவு' என்ற பெட்டியிலும் விழக்கூடும். கூட்டத்தின் சராசரிக்கு இந்தப் பிழை பெரிதில்லை, ஒருவருடையது மற்றவருடையதைச் சமன் செய்துவிடும். தனி ஆளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பெண்களுக்கு அழுத்தம் அதிகம் என்பது உண்மையா, படிவத்தின் விளைவா?

அதே கணக்கெடுப்பில் ஆண்களின் சராசரி 12.1, பெண்களின் சராசரி 13.7. இடைவெளி 1.6. திட்ட விலக்கம் ஆறைத் தாண்டும்போது இது சிறிய இடைவெளி; கூட்டத்திலிருந்து ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் குருட்டாம்போக்கில் எடுத்தால், பெண்ணின் மதிப்பெண் கூடுதலாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 57 போல வரும். கலங்கினீர்களா, பதறினீர்களா என்று கேட்கும் இரண்டு கேள்விகளில் மட்டும் பெண்கள் அரை மதிப்பெண் தாராளமாகச் சொல்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் அந்த இடைவெளியில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். இருந்தாலும் அமெரிக்கத் தரவில் ஆண்-பெண் ஒப்பீடு சமநிலைச் சோதனைகளைப் பொதுவாகத் தாண்டியிருக்கிறது. அங்கே வித்தியாசம் பெரும்பாலும் உண்மையானது என்றே கொள்ளலாம். அந்தத் தேர்ச்சியை வேறு நாட்டுத் தரவுக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது.

தன் நிலையை ஒருவர் எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்?

பக்கத்து வீட்டோடுதான். 2002-இல் ஸ்டீவன் ஹைனும் உடன் ஆய்வாளர்களும் இதையே சுட்டிக்காட்டினார்கள்: ஒவ்வொருவரும் தம் கூட்டத்தாரை அளவாக வைத்துக்கொண்டு பதில் சொல்வதால், கூட்டங்களுக்கு இடையிலான உண்மை வித்தியாசமே மறைந்துபோகலாம்.

நம் நாட்டு உதாரணம் உடல்நலம் பற்றியது என்றாலும் இங்கே மிகப் பொருத்தமானது. அதே 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அமர்த்தியா சென் எழுதினார்: ஆயுளிலும் எழுத்தறிவிலும் முன்னணியில் உள்ள கேரளத்தில் தமக்கு நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் மிக அதிகம், எல்லாவற்றிலும் பின்தங்கிய பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் மிகக் குறைவு. மருத்துவமனையை அறிந்தவருக்குத்தான் தனக்கிருப்பது நோய் என்று தெரிகிறது. வலியோடு வாழ்ந்து பழகியவருக்கு அது வாழ்க்கை. மன அழுத்தத்துக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பது என் கருத்து, ஏனெனில் அதைச் சரிபார்க்கக் காய்ச்சல்மானி கிடையாது.

இதற்கு ஒரு மருந்து, எல்லோருக்கும் ஒரே சிறுகதை கொடுப்பது. கதையில் வரும் ஒருவரின் நிலையை முதலில் மதிப்பிடச் சொல்லி, பிறகு தன் நிலையை மதிப்பிடச் சொல்வது. 2004-இல் கேரி கிங் குழுவினர் அரசியலில் தமக்குள்ள செல்வாக்கைப் பற்றிச் சீனர்களிடமும் மெக்ஸிகோ நாட்டவரிடமும் கேட்டபோது சீனர்கள் தமக்குச் செல்வாக்கு அதிகம் என்றார்கள். ஒரே கதைகளை வைத்துத் திருத்திய பிறகு வரிசை தலைகீழானது.

உடலைச் சோதித்து உண்மையைத் தெரிந்துகொள்ள முடியாதா?

அழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் தலைமுடியில் சேர்வது சில மாத அழுத்தத்தைக் காட்டும் என்ற நம்பிக்கை இருந்தது. 2017-இல் டோபியாஸ் ஸ்டால்டர் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதற்கும் படிவப் பதில்களுக்கும் சீரான தொடர்பு கிடைக்கவில்லை. இரண்டும் வேறுவேறு விஷயங்களை அளக்கின்றன போலும்.

அதற்காகப் படிவத்தை வெறும் பேச்சு என்று தள்ளவும் முடியாது. இங்கிலாந்தில் சால்ஸ்பரியில் கோஹன் குழுவினர் நடத்தி 1991-இல் வெளியிட்ட சோதனையில், ஆரோக்கியமான 394 பேரின் மூக்கில் சளி வைரஸ் சொட்டு விட்டார்கள். முன்கூட்டியே நிரப்பிய படிவங்களின்படி அழுத்தம் கூடியவர்களுக்குத் தொற்றும் சளியும் கூடுதலாக வந்தன. அழுத்தம் ஏற ஏற வாய்ப்பும் ஏறியது. உணரப்படும் அழுத்த அளவுகோல் அந்தக் கணக்கின் ஒரு பகுதி. ஒரே சமூகத்துக்குள் இந்தக் கேள்விகள் எதையோ சரியாகவே தொடுகின்றன என்பதற்கு இதைவிட நேரடியான சான்று அரிது.

பேசாமல் நமக்கென்று ஓர் அளவுகோல் செய்துகொள்வது நல்லதா?

சில இடங்களில் செய்திருக்கிறார்கள். ஜிம்பாப்வேயில் விக்ரம் படேலும் உடன் பணியாற்றியவர்களும் ஷோனா மொழி பேசுபவர்களின் சொந்தச் சொற்களிலிருந்து 14 கேள்விப் படிவம் ஒன்றை 1997-இல் உருவாக்கினார்கள். 'குஃபுங்கிசிசா', அதாவது அளவுக்கு மீறி யோசித்தல், என்ற ஊர்ச்சொல் அங்கே அளவீட்டுக்குள் வந்தது. நம் ஊரில் 'யோசனையாவே இருக்கு' என்று சொல்வதும் கிட்டத்தட்ட அதுதானே!

சொந்த அளவுகோல் உள்ளூரில் கூர்மையாக இருக்கும், வெளியூரோடு ஒப்பிட உதவாது. நடுவழியும் உண்டு. 2008-இல் படேல் குழுவினர் கோவாவின் ஆரம்ப மருத்துவமனைகளில் ஏற்கெனவே உலகில் புழங்கும் ஐந்து படிவங்களை அருகருகே வைத்துச் சோதித்தார்கள். ஓரளவு முதல் நன்றாகவே வரை எல்லாம் வேலை செய்தன. பெங்களூர் உட்பட 15 நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வும் அதையே சொன்னது: 'பொது ஆரோக்கிய வினாநிரல்' என்ற மனநலப் படிவம் எல்லா ஊரிலும் உதவுகிறது, ஆனால் எந்த மதிப்பெண்ணுக்கு மேல் கவலைப்பட வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது.

தரவைத் திரட்டி முடித்துவிட்டேன். இப்போது என்ன செய்யலாம்?

குழு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தால் மூன்று கட்டச் சோதனையை இப்போதும் நடத்தலாம். ஆர் என்ற இலவச மென்பொருளில் அதற்கு வசதி உண்டு. முப்பது முப்பது பேர்தான் என்றால் அந்தச் சோதனைக்குத் தெம்பு இருக்காது. அப்போது மொத்த மதிப்பெண்ணோடு நிற்காமல், பத்துக் கேள்விகளின் சராசரியையும் குழுவாரியாகத் தனித்தனியாக அட்டவணையில் கொடுங்கள். வித்தியாசம் பத்திலும் பரவி இருக்கிறதா, ஒன்றிரண்டு கேள்விகளிலேயே குவிந்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். குவிந்திருந்தால் அந்தக் கேள்விகளின் தமிழ் வாசகத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஒரே ஆட்களிடம் பயிற்சிக்கு முன்னும் பின்னும் கேட்டிருந்தால் உங்கள் நிலை மேலானது. அவரவர் பழக்கம் அவரவரோடு இரண்டு முறையும் இருப்பதால் மாற்றத்தைக் கூடுதல் நம்பிக்கையோடு பேசலாம். எப்படி இருந்தாலும் எந்த மொழிபெயர்ப்பு, யார் வாசித்தார்கள், வாசிக்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்ற மூன்றையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். தமிழ் வாசகத்தை முழுமையாகப் பின்னிணைப்பில் சேருங்கள். 'தமிழாக்கம் பயன்படுத்தப்பட்டது' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு அடுத்து வருபவரால் எதையும் சரிபார்க்க முடியாது.